சுவர் காயட்டும்: கடலூர், புதுச்சேரி வீடுகளில் வெப்பமும் ஓதமும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு நடு அறையில், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுவர் பொரிந்துகொண்டே இருக்கும். முதலில் பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்பும். விரலால் அழுத்தினால் உடைந்து பொலபொலவென்று உதிரும். உதிர்ந்த இடத்தில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ பூத்திருக்கும். சின்ன வயதில் அதை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன், உப்புக் கரிக்கும். அப்பா மூன்று வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன்னால் ஆள் வைத்துச் சுரண்டி, சிமெண்ட் பூசி, புதுப் பெயிண்ட் அடிப்பார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பழையபடி ஆகிவிடும்.

அலுத்துப்போய் ஒரு வருடம் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினோம். நல்ல செலவு. இரண்டு மழைக்காலம் சுவர் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது வருடம் டைல்ஸுக்கு மேலே, சாமி படம் மாட்டியிருந்த இடத்தில், அதே கொப்புளம். வந்து பார்த்த வயதான கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓதம் எங்கயும் போகல தம்பி. அது வெளிய வர்ற வழிய நீங்க அடைச்சிட்டீங்க, அது மேல ஏறிடுச்சு" என்றார்.

அவர் சொன்னது அப்படியே இயற்பியல். கடலோரத்தில் வீடு வைத்திருக்கும் நாம் சுவரைத் தகரம் மாதிரி ஆக்கிவிடத்தான் பார்க்கிறோம். ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது என்று பூச்சுக்கு மேல் பூச்சு, பட்டிக்கு மேல் பெயிண்ட். ஆனால் இந்த ஊரில் சுவர் நனையாமல் இருக்கவே முடியாது. கீழே மண்ணிலிருந்தும், வெளியே மழையிலிருந்தும், சுற்றியிருக்கும் காற்றிலிருந்தும் ஈரம் வந்துகொண்டே இருக்கும். வந்த ஈரம் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்பதுதான் வீட்டைக் காப்பாற்றும் கேள்வி.

செங்கல் குடிக்கும் தண்ணீர்

கட்டு வேலைக்கு முன்னால் செங்கல்லைத் தொட்டித் தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று குமிழி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லுக்குள் இருக்கும் நுண்துளைகளிலிருந்து காற்று வெளியேற, அந்த இடத்தில் தண்ணீர் புகும் சத்தம் அது. சாதாரணச் சூளைச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று இந்தியத் தர விதியே அனுமதிக்கிறது. மூன்று கிலோ கல் என்றால் அரை லிட்டருக்கும் மேல்.

இந்தத் துளைகள் விளக்குத் திரியின் வேலையைச் செய்கின்றன. எண்ணெய் திரியில் ஏறுவதுபோல ஈர மண்ணிலிருந்து தண்ணீர் சுவருக்குள் ஏறும். எதுவரை ஏறும்? ஏறுகிற தண்ணீரும், சுவரின் இரண்டு முகங்களிலிருந்தும் ஆவியாகிப் போகிற தண்ணீரும் சமமாகும் இடம் வரை. பெரும்பாலான பழைய வீடுகளில் அது மூன்றடி, நாலடியில் நின்றுவிடும். ஆவியாகும் முகத்தை டைல்ஸ் போட்டு மூடினால் கணக்கு மாறிவிடுகிறது. கீழே வெளியேற வழியில்லாத தண்ணீர், காற்று படும் இடத்தைத் தேடி மேலே போகும். எங்கள் சாமி படத்துக்குப் பின்னால் நடந்தது அதுதான்.

கடலூரில் இது ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கு ஊரின் இருப்பே காரணம். கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் இடம். தேவனாம்பட்டினம், ஓல்டு டவுன் பக்கமெல்லாம் மழைக்காலத்தில் சில அடி தோண்டினாலே தண்ணீர். புதிதாகக் கட்டும் வீடுகளில் கடைக்காலுக்கு மேலே சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் போட்டு, அதன் மேல் ஈரத்தடுப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். அதைச் சரியாகச் செய்தால் திரி அங்கேயே அறுந்துவிடும். எங்கள் வீடு மாதிரி பழைய வீடுகளுக்கு அது கிடையாது. சில இடங்களில் தடுப்பு இருந்தும், தோட்டத்து மண்ணையோ சிமெண்ட் தளத்தையோ உயர்த்தி உயர்த்தி அந்தத் தடுப்புக்கும் மேலே கொண்டுபோய்விடுகிறார்கள். தெரு ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்து, வீடு பள்ளத்தில் போவதும் இதே கேடுதான்.

சரி, வெறும் தண்ணீர் என்றால் சுவர் ஈரமாகத் தெரியும், அவ்வளவுதானே. பூச்சு ஏன் உடைந்து விழுகிறது? அதற்குச் சமையலறையில் இருக்கும் உப்பு ஜாடியைப் பார்க்க வேண்டும்.

கார்த்திகை மாதத்தில் கல்லுப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, காற்றிலிருந்தே உப்பு இழுத்துக்கொண்டது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி உலர்ந்து படிகமாகும். கல்லுப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அதற்கு 33 சதவீதம் போதும், அதனால்தான் கல்லுப்பு சீக்கிரம் கசிகிறது. மண்ணிலிருந்து ஏறும் தண்ணீரும் கடல் காற்றும் நம் சுவருக்குள் கொண்டுவந்து சேர்ப்பது இந்த இரண்டையும்தான்.

இப்போது நம் ஊர்க் காற்றை யோசித்துப் பாருங்கள். இரவில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டும், வெயில் ஏறினால் 60, 65-க்கு இறங்கும். அதாவது ஏறக்குறைய தினமும் 75 என்ற கோட்டை ஏறியும் இறங்கியும் கடக்கிறோம். சுவருக்குள் இருக்கும் உப்பு ராத்திரி கரைகிறது, பகலில் படிகமாகிறது. படிகம் வளரும்போது துளையின் பக்கங்களை அழுத்தித் தள்ளும். ஒரு நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது. வருடத்தில் நூற்றுக்கணக்கான முறை தள்ளினால் பூச்சு பிளந்து உதிரும். மழையே இல்லாத மாசியில்கூடச் சுவர் பொரிவது இதனால்தான். பெயிண்ட் அடித்து மூடினால் உப்பு உள்ளேயே இருந்து பெயிண்டுக்கு அடியில் படிகமாகி அதை உரித்துத் தள்ளுகிறது.

கிளிஞ்சல் சுண்ணாம்பு

புதுச்சேரியில் பழைய வீடுகள் நூறு, நூற்றைம்பது வருடம் கடலுக்கு எதிரிலேயே நின்றிருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த வீதிகளிலும் சரி, வைசியாள் வீதி மாதிரி தமிழர் வீதிகளிலும் சரி, சுவரின் மேல் பூசியது சுண்ணாம்பு. கடற்கரையிலும் உப்பங்கழியிலும் கிடைக்கும் கிளிஞ்சலைச் சூளையில் சுமார் 900 டிகிரிக்குச் சுட்டு, தண்ணீர் ஊற்றித் தாளித்து, மணலோடு சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்ப்பதுண்டு. மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும். சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. கிளிஞ்சலாக இருந்ததும் சுவரில் இறுகியதும் வேதியியல்படி ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். எனக்கு இதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு தீராது.

சுண்ணாம்புப் பூச்சு சிமெண்ட் அளவுக்குக் கெட்டி கிடையாது. அதன் நன்மையே அங்கேதான். நீராவி அதன் வழியாகத் தடையில்லாமல் வெளியேறும். கட்டடம் லேசாக அசைந்தால் அதுவும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், பெரிய வெடிப்பு விடாது. உப்பு வந்தால் பூச்சுதான் உதிரும், உள்ளே செங்கல் தப்பிக்கும். உதிர்ந்த இடத்தை மட்டும் மறுபடி பூசி, வருடா வருடம் வெள்ளையடித்தார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது அழகுக்கு மட்டும் இல்லை, அது பராமரிப்பு.

இப்படிப்பட்ட சுவர் மேல் சிமெண்ட் பூசும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சிமெண்ட் பூச்சு இறுகும்போது மயிரிழை விரிசல் விடும். மழைத் தண்ணீர் விரிசல் வழியே உள்ளே புகும், ஆனால் அந்தக் கெட்டியான பூச்சு வழியே ஆவியாகி வெளியே வர முடியாது. வருவதற்கு ஆயிரம் வழி, போவதற்கு ஒன்றிரண்டு. உள்ளே சுண்ணாம்புக் காரை வருடக்கணக்கில் நனைந்தே கிடந்து மாவாகும். வெளியே பார்த்தால் எல்லாம் பத்திரமாகத் தெரியும். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து பாரம் தாங்கும் கட்டடங்களில் இது உயிரோடு விளையாடுவது. 2014 நவம்பர் மழையில் பீச் ரோட்டில் 19-ஆம் நூற்றாண்டு நகராட்சிக் கட்டடமான மேரி இடிந்து விழுந்த செய்தியைப் புதுச்சேரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல வருடம் கழித்து அதே தோற்றத்தில் மறுபடி கட்டினார்கள். பழைய சுவர் உள்ள எவரும் மழைக்காலத்துக்கு முன் கைப்பிடிச் சுவரின் உச்சியையும், சுவரில் முளைத்த அரசங்கன்றையும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுவது நல்லது.

வெயில் சுவருக்குள் எடுக்கும் நேரம்

சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூரியன் போய் மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், சுவர் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். வெளிமுகத்தில் பட்ட வெப்பம் ஒன்பது இஞ்சுச் செங்கல் சுவரைக் கடந்து உள்முகத்துக்கு வர ஆறு, ஏழு மணி நேரம் எடுக்கும். மதியம் மூன்று மணி வெயில் நம் கட்டிலுக்கு வந்து சேர்வது ராத்திரி ஒன்பது, பத்துக்கு. நாலரை இஞ்சுச் சுவர் என்றால் பாதி நேரம்தான்.

தடித்த சுவர் குளிர்ச்சி என்று பொதுவாகச் சொல்கிறோம். பகலில் கொதித்து இரவில் நடுங்கவைக்கும் பாலைவன ஊர்களுக்கு அது முழுக்கப் பொருந்தும். பகலில் வாங்கிய வெப்பத்தை அங்கே சுவர் இரவில் கொட்டிவிடும். நம் கடலோரத்தில் மே மாதம் பகலில் 37, 38 டிகிரி, விடியற்காலையிலும் 27-ஐ ஒட்டியே நிற்கும். கொட்டுவதற்குக் குளிர்ந்த இரவே கிடையாது. அதனால் தடித்த சுவரை மட்டும் நம்ப முடியாது. சுவரில் வெயில் படாமல் பார்ப்பதும், உடம்பின் மேல் காற்று ஓடவிடுவதும்தான் இங்கே முதல் வேலை. திண்ணையும் தாழ்வாரமும் சுவருக்குக் குடை. முற்றத்தில் சூடான காற்று மேலே போக, தெருப்பக்கமிருந்து காற்று உள்ளே வரும். மதியம் கடற்காற்று எழுந்துவிட்டால் வீடே மாறிவிடும். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாகும், அந்த நாட்கள்தான் கொடுமை.

இதைக் கணக்குப் போட்டுக் கட்டிய கட்டடம் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டா. கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, 1937-ல் வேலை தொடங்கியது. ஜார்ஜ் நகஷிமா இங்கேயே தங்கி மேற்பார்வை பார்த்தார். வடக்கு, தெற்கு முகங்களில் சுவருக்குப் பதிலாகத் தரையிலிருந்து கூரை வரை திருப்பக்கூடிய பலகைகள், கண்ணாடியே கிடையாது. பலகையைத் திருப்பினால் காற்று வரும், வெயிலும் சாரலும் வராது. கூரை இரட்டை. கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் காற்று ஓட இடம். கான்கிரீட்டில் கட்டினால் வீடு அனலாகத்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கட்டடம்தான் நினைவுக்கு வரும்.

அந்த இரட்டைக் கூரைக்குக் காரணம் உண்டு. புதுச்சேரி 12 டிகிரி வட அட்சத்தை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டியும், ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். கோடை முழுக்கவே மதிய வெயில் சுவரைவிட மொட்டை மாடியில்தான் கொட்டுகிறது. சுவருக்கு ஆயிரம் செய்துவிட்டுத் தளத்தைக் கறுத்துப்போக விட்டால் பயனில்லை. மாடியில் சுண்ணாம்பு அடிப்பது மலிவான, நல்ல வைத்தியம். சுவர்களில் மேற்குச் சுவர்தான் முதல் எதிரி, தாழ்ந்த மாலை வெயில் நேராக மோதும். அதற்கு வெளியே ஒரு பந்தலோ மரமோ எந்த விலையுயர்ந்த பெயிண்டையும்விட அதிகம் செய்யும்.

மழைக்கு எதிரி வேறு சுவர். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில், அதுவும் காற்றோடு வருகிறது. வடக்கும் கிழக்கும் சாரலை வாங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சன்ஷேடு போடும் வழக்கத்தை விட்டு, அந்த இரண்டு பக்கமும் நீளமாக விடலாம். சன்ஷேடின் அடியில், ஓரத்தை ஒட்டி விரலளவு ஒரு காடி இழுத்துவிட்டால் தண்ணீர் உள்ளே ஓடிவந்து சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டிவிடும். மேஸ்திரிக்கு அரை மணி நேர வேலை.

ஈரமும் வெப்பமும் தனித்தனிப் பிரச்சினைகளும் இல்லை. செங்கல்லின் துளைகளில் காற்று இருக்கும்வரை வெப்பம் மெதுவாகக் கடக்கும். அந்த இடத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேகமாகக் கடக்கும். ஈரச் சுவர் தொட்டால் ஜில்லென்று இருக்கிறதே என்று கேட்கலாம். மண்பானை குளிர்வதுபோல அதுவும் ஆவியாதலால்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்தின் அளவு வெப்பம் செலவாகும். ஆனால் அந்த ஆவி வீட்டுக்குள்ளேயே சேர்ந்து புழுக்கமாகிறது. வியர்வை காயாது.

அப்புறம் ஏசி. இது நம் தாத்தா காலச் சுவர்கள் பார்க்காத விஷயம். 32 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் 19 கிராமுக்கு மேல் தாங்காது, மிச்சம் தண்ணீராக இறங்கிவிடும். அந்தக் காற்று 26 டிகிரியைத் தொடும்போதே வியர்க்க ஆரம்பிக்கும். ஏசியை 20-ல் வைத்தால் அடுத்த அறைப் பக்கமுள்ள சுவர் முகமும் குளிர்கிறது. அங்கே சுவரை ஒட்டி ஒரு மர பீரோ நின்றால், அறையின் வெப்பம் அந்த இடத்தை எட்டாது, சுவர் இன்னும் குளிரும். பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்புப் பூஞ்சை. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மாடிக்கு ஆள் கூப்பிடுவார்கள். பீரோவை நாலு விரல் தள்ளிப் போட்டு, ஏசியை 26-க்கு ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

குளிர்நாடுகளில் வீட்டுக்குள்ளிருந்துதான் ஈரம் சுவருக்குள் போகும், அதனால் உள்முகத்தில் ஆவித்தடுப்பு வைக்கிறார்கள். நமக்கு நேர் எதிர். ஈரம் வெளியிலிருந்து குளிர்ந்த அறையை நோக்கி வருகிறது. அந்த ஊர் முறையைப் பார்த்து ஏசி அறையின் உள்சுவரில் வினைல் காகிதம் ஒட்டினால், வரும் ஈரம் காகிதத்துக்குப் பின்னால் சிக்கிப் பூஞ்சை பிடிக்கும்.

புதுக் கற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெய்வேலி பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லோ, காற்றடைத்த இலகுக் கல்லோ, ஆரோவில்லில் ஐந்து சதவீதம் அளவு சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் மண் கல்லோ, எதில் கட்டினாலும் ஓதத் தடுப்பும் சன்ஷேடும் சரியாக இல்லையென்றால் கதை ஒன்றுதான். இலகுக் கல் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் அதுவும் தண்ணீர் குடிக்கும்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதையடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீரில் தென்பெண்ணை கரை மீறியது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற குடும்பங்கள் பல. பொங்கல் வருகிறதே என்று தண்ணீர் வடிந்த ஆறே வாரத்தில் பெயிண்ட் அடித்தவர்களையும் பார்த்தேன். மனசு கேட்காமல் செய்வதுதான், புரிகிறது. ஆனால் ஊறிய சுவர் காய நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒன்பது இஞ்சு என்றால் 230 மில்லிமீட்டர். இரண்டு முகமும் திறந்து, காற்று படவிட்டாலும் சில மாதங்கள் வேண்டும். தை, மாசி, பங்குனி வறண்ட காற்றை விட்டுவிட்டால் அடுத்து ஒரு வருடம்.

எங்கள் வீட்டில் டைல்ஸை உடைத்து எடுத்தது ஒரு தை மாதம். உள்ளே சிமெண்ட் பூச்சு கையோடு வந்தது, செங்கல் மழையில் நனைந்தது மாதிரி கறுத்திருந்தது. ஆனி வரை பூசாமல் அப்படியே விட்டோம். வாரத்துக்கு ஒருமுறை காய்ந்த பிரஷால் உப்பைத் தட்டி முறத்தில் வாரினோம். தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது, உப்பு திரும்ப உள்ளே போய்விடும். அப்புறம் அந்தக் கொத்தனாரே சுண்ணாம்பும் மணலும் மட்டும் கலந்து இரண்டு தடவையாகப் பூசினார். மேலே வெறும் வெள்ளை, பட்டி இல்லை, பெயிண்ட் இல்லை. வெளியே சுவரோரம் போட்டிருந்த சிமெண்ட் தளத்தை ஓரடி அகலத்துக்கு உடைத்து, ஜல்லி நிரப்பினோம்.

ஓதம் நின்றுவிடவில்லை. ஐப்பசியில் ஒன்றரை அடி வரை நிறம் மாறும், மாசிக்குள் வெளுத்துவிடும். கீழ் ஓரத்தில் கொஞ்சம் மாவு உதிரும், அம்மா காலையில் கூட்டும்போது அதையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறார். சாமி படம் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறது.